கடைக்கு எல்இடி போர்டு வைக்கும் முன் கரண்ட் செலவைக் கணக்குப் போடுவது எப்படி?

தஞ்சாவூர் கீழவாசல், கும்பகோணம் பெரிய தெரு, மயிலாடுதுறை பட்டமங்கலத் தெரு என்று டெல்டாவின் எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் ஓடும் எழுத்து போர்டோ வீடியோ ஓடும் திரையோ கண்ணில் படாமல் போகாது. 2028-ல் மகாமகம் வேறு வருகிறது, கும்பகோணத்துக் கடைக்காரர்களுக்கு வாசலைப் புதுப்பிக்க நல்ல காரணம். போர்டு வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "சதுர அடி என்ன ரேட்டு?" என்பதுதான். மாட்டின பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஈபி பில்லில் என்ன ஏறும், மூன்று வருஷத்தில் என்னென்ன மாற்ற வேண்டியிருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் "எல்இடிதானேண்ணே, ஒண்ணும் புடிக்காது" என்று ஒரே பதில்தான் வரும்.

சிவப்பு எழுத்து மட்டும் ஓடுகிற சின்ன போர்டுக்கு அந்தப் பதில் ஏறக்குறைய சரி. முழு வண்ண வீடியோ திரைக்கு அது முழுத் தப்பு. ஒரே அளவுப் பெட்டி, ஒரே எல்இடி என்ற பெயர், ஆனால் கரண்ட் வெகுவாக வித்தியாசப்படும். அதனால் பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். எட்டாம் வகுப்புக் கணக்குதான், பயப்பட ஒன்றுமில்லை.

முதல் வேலை: உங்களுக்கு எந்த வகை வேண்டும்?

கடைப்பெயர் இரவில் தெரிந்தால் போதும் என்றால் டிஜிட்டல் திரையே வேண்டாம். அக்ரிலிக் எழுத்துக்குள் 12 வோல்ட் எல்இடி துண்டுகள் ஒட்டிய போர்டு போதும். அப்படி 100 துண்டு ஒட்டினாலும் 70 முதல் 150 வாட்டுக்குள் முடிந்துவிடும், இரவு சில மணி நேரம் மட்டுமே எரியும். ஏற்கெனவே டியூப்லைட் வைத்த பழைய பெட்டி போர்டு இருந்தால், நாலடி டியூப் ஒன்று சோக்கோடு சேர்ந்து 50 வாட்டை ஒட்டி இழுக்கும். அதை 20 வாட் எல்இடி டியூபாக மாற்றினாலே பாதிக்கு மேல் மிச்சம், புது போர்டே தேவைப்படாது.

தினம் மாறுகிற செய்தி இருக்கிறவர்களுக்குத்தான் ஓடும் எழுத்து போர்டு பிரயோஜனம். நகைக்கடையில் இன்றைய பவுன் விலை, உரக்கடையில் யூரியா, டிஏபி வந்த தகவல், ஓட்டலில் மதியச் சாப்பாடு, மருந்துக்கடையில் டாக்டர் வரும் நேரம் இந்த மாதிரி. இதற்கு பி10 (புள்ளிக்குப் புள்ளி 10 மில்லிமீட்டர்) சிவப்பு மாட்யூல் போதும். மாட்யூல் என்பது பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து போர்டாக்கும் சின்ன எல்இடி பலகை. ஒரு மாட்யூல் 32 சென்டிமீட்டர் நீளம், 16 சென்டிமீட்டர் உயரம். அதாவது ஏறக்குறைய ஓரடிக்கு அரையடி. அதில் 32-க்கு 16 என்று 512 புள்ளிகள் இருக்கும்.

தமிழில் எழுதப் போகிறவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு மாட்யூல் உயரம், அதாவது 16 புள்ளி, தாராளமாகப் போதும். தமிழில் மேலே சுழியும், கீழே உகர வளைவும் வருவதால் 16 புள்ளிக்குள் "கூ", "ணு", "ரீ" எல்லாம் நசுங்கிப்போய், பைக்கில் போகிறவருக்குப் படிக்கவே வராது. இரண்டு மாட்யூலை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி 32 புள்ளி உயரத்துக்கு வாங்குங்கள். மாட்யூல் எண்ணிக்கை இரட்டிப்பாகும், கரண்டும் கூடும், ஆனால் படிக்க முடியாத போர்டுக்கு எத்தனை குறைவாகச் செலவு செய்தாலும் அது வீண்தான்.

வீடியோ ஓட வேண்டும், புடவையின் நிறம் அப்படியே தெரிய வேண்டும் என்றால் முழு வண்ணத் திரை. புள்ளிக்குப் புள்ளி எத்தனை மில்லிமீட்டரோ, அத்தனை மீட்டர் தள்ளி நின்றால் படம் தெளிவாகத் தெரியும் என்பது பொதுவான அளவுகோல். பி10 என்றால் 10 மீட்டர். பைபாஸ் ரோட்டு ஓரக் கடைக்கு அது சரி. கோயில் சன்னதித் தெருவில் எதிர்ச்சாரியே ஏழெட்டு மீட்டரில் இருக்கும், அங்கே பி10 புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், பி5 அல்லது பி6 பாருங்கள். கடைக்கு உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால் வைக்கப் போவதானால் 43 அங்குல டிவியே போதும். அது 80 முதல் 100 வாட், வாங்கவும் மலிவு, கெட்டுப்போனால் ஊரிலேயே சரி செய்துகொள்ளலாம். வெயில் நேராக விழும் இடத்தில் மட்டும் டிவி வேலைக்கு ஆகாது, பகலில் ஒன்றுமே தெரியாது.

இரண்டாவது வேலை: நிஜமான வாட் எவ்வளவு என்று தெரிந்துகொள்வது

விற்பவர் தருகிற காகிதத்தில் இரண்டு எண் இருக்க வேண்டும். ஒன்று அதிகபட்ச வாட், இன்னொன்று சராசரி வாட். அதிகபட்சம் என்பது திரை முழுக்க வெள்ளையாக, முழு வெளிச்சத்தில் எரியும்போது வருவது. ஒயர், எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), எஸ்எம்பிஎஸ் (லைன் கரண்ட்டை மாட்யூலுக்கு வேண்டிய குறைந்த வோல்ட்டாக மாற்றும் பெட்டி) எல்லாம் அதற்குத் தகுந்த மாதிரிதான் போட வேண்டும். சராசரி என்பது சாதாரணமாகப் படமும் எழுத்தும் ஓடும்போது வருவது, அது அதிகபட்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். பில் வருவது இந்தச் சராசரிக்கு. சிலர் ஒரே ஒரு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எந்த எண் என்று கேளுங்கள், இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

நாலடிக்கு ஓரடி சிவப்பு போர்டை எடுத்துக்கொள்வோம். எட்டு மாட்யூல். எல்லாப் புள்ளியும் எரிந்தால் 160 வாட் வரை போகலாம், ஆனால் எழுத்து ஓடும்போது நாலில் ஒரு பங்குப் புள்ளிகூட ஒரே நேரத்தில் எரியாது. நடைமுறையில் 50 வாட் என்று வைத்துக்கொள்ளலாம்.

எட்டடிக்கு நாலடி முழு வண்ண பி10 திரை என்றால் 64 மாட்யூல், மூன்று சதுர மீட்டருக்குச் சற்று மேல். சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 700 வாட் என்று வைத்தால் மொத்தம் 2,300 வாட். சராசரி 750 வாட். சின்ன ஏசி ஒன்றை வாசலில் மாட்டி, கடை திறந்திருக்கிற நேரம் முழுக்க ஓட விடுவதற்குச் சமம் இது.

மூன்றாவது வேலை: பில் கணக்கு

வாட்டை மணி நேரத்தால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் யூனிட். 50 வாட் சிவப்பு போர்டு 12 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 0.6 யூனிட், 60 நாளைக்கு 36 யூனிட். 750 வாட் திரை அதே 12 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 9 யூனிட், 60 நாளைக்கு 540 யூனிட்.

வணிக இணைப்புக்கு யூனிட் சுமார் 10 ரூபாய். சமீப வருஷங்களில் ஜூலை மாதத்தை ஒட்டிக் கட்டணம் மாறிக்கொண்டே வருவதால் உங்கள் கடைசி பில்லைப் பார்த்துச் சரியான பைசாவைப் போட்டுக்கொள்ளுங்கள், இங்கே கணக்குக்காக 10 ரூபாயே வைத்துக்கொள்கிறேன். சிவப்பு போர்டுக்கு 360 ரூபாய், வண்ணத் திரைக்கு 5,400 ரூபாய். அதற்கு மேல் 5 சதவீதம் மின் வரி.

சின்னக் கடைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கண்ணி ஒன்று இருக்கிறது. வணிகக் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்று ஒரு கோடு. அதற்குள் இருந்தால் யூனிட் ஆறரை ரூபாய் மட்டத்தில் இருக்கும். 100-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் இல்லை, எல்லா யூனிட்டுக்கும் அந்த 10 ரூபாய் மட்டக் கட்டணம்தான். ஒரு பெட்டிக்கடை 80 யூனிட் ஓட்டி 520 ரூபாய் கட்டி வந்தது என்று வையுங்கள். 36 யூனிட் போர்டு சேர்ந்ததும் 116 யூனிட், பில் 1,160 ரூபாய். போர்டு தின்றது 36 யூனிட்தான், ஆனால் கூடியது 640 ரூபாய். இந்த நிலையில் இருக்கிறவர்கள் போர்டை மாலை ஆறு மணி நேரம் மட்டும் ஓட்டினால் 18 யூனிட்தான் சேரும், 98-ல் நின்றுவிடலாம். அதோடு பழைய ஃபேனையோ டியூப்லைட்டையோ மாற்றினால் இன்னும் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். 100 யூனிட்டை ஒட்டி இருக்கிற கடைக்கு மாதம் ஒரு தடவை மீட்டரைப் பார்க்கிற பழக்கம் பணமாகவே மிஞ்சும்.

நிலைக் கட்டணம் தனி. ஒப்பந்தச் சுமையில், அதாவது உங்கள் சர்வீசுக்கு ஈபியில் பதிந்திருக்கிற அளவில், கிலோவாட்டுக்கு மாதம் 100 ரூபாய்க்குச் சற்று மேல். சிவப்பு போர்டு இதைத் தொடாது. 2,300 வாட் திரை வைக்கப் போகிறீர்கள், உங்கள் சர்வீஸ் 2 கிலோவாட்டுக்குத்தான் என்றால், முதலில் ஈபி ஆபீசில் கூடுதல் சுமைக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பிறகு திரைக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

நம் ஊர்களில் வீட்டுத் திண்ணையை இடித்துக் கடையாக்கியது நிறைய உண்டு. வீட்டு சர்வீசிலிருந்தே ஒரு ஒயரை இழுத்து போர்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். வீட்டுக்கு வாங்கிய மின்சாரத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது 2003-ஆம் வருஷ மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் வரும், பிடிபட்டால் இரண்டு மடங்கு கட்டணம் போட்டு வசூலிப்பார்கள். இரவில் தெரு முழுக்கத் தெரிகிற மாதிரி போர்டு மாட்டிவிட்டு அதை மறைக்கவும் முடியாது.

நான்காவது வேலை: செலவைக் குறைப்பது

இங்கேதான் பெரிய பணம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெளிப்புறத் திரையை நண்பகல் வெயிலிலும் தெரிகிற மாதிரி செய்திருப்பார்கள். அதே வெளிச்சத்தை ராத்திரி எட்டு மணிக்கும் வைத்தால் எதிர்க்கடைக்காரருக்குக் கண் கூசும், ரோட்டில் வண்டி ஓட்டுகிறவருக்கு ஆபத்து, உங்களுக்குப் பில். ராத்திரிக்கு முழு வெளிச்சத்தில் 10 முதல் 30 சதவீதமே ஏராளம். எல்இடி திரையில் வெளிச்சத்தைக் குறைத்தால் கரண்டும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். மேலே சொன்ன 750 வாட் திரையை 30 சதவீதத்தில் வைத்தால், வெளிச்சம் எப்படி இருந்தாலும் கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் இழுப்பதையும் சேர்த்து, 300 வாட்டுக்கு வந்துவிடும். மாலை 5 முதல் 10 வரை மட்டும் அப்படி ஓட்டினால் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட், 60 நாளைக்கு 90 யூனிட், 900 ரூபாய். 5,400 எங்கே, 900 எங்கே! திரை அதேதான், வாடிக்கையாளர் அதிகம் வருகிற நேரத்தில் பார்க்கிறவரும் அதே கூட்டம்தான்.

இதற்கு யாரும் தினமும் பட்டன் அழுத்த வேண்டாம். திரையை ஓட்டுகிற கன்ட்ரோல் கார்டின் மென்பொருளிலேயே நேரப்படி வெளிச்சத்தை மாற்றும் வசதி இருக்கும். சிலவற்றில் வெளிச்சத்தை அளக்கும் சென்சார் போடலாம், மழை மேகம் கவிந்தால் தானாகவே குறைத்துக்கொள்ளும். மாட்ட வருகிறவர் பெரும்பாலும் 100 சதவீதத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார், அன்றைக்கு அவருடைய வேலை பளிச்சென்று தெரிய வேண்டுமே. அவர் ஏணியிலிருந்து இறங்கியதும் உங்கள் முன்னாலேயே நேர அட்டவணையைப் போடச் சொல்லுங்கள், பாஸ்வேர்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு இல்லாமல் மாட்டிக்கொண்டால், ஒரு வரியை மாற்றக்கூட ஒவ்வொரு தடவையும் அவருக்கு வண்டிச் செலவு கொடுத்துக் கூப்பிட வேண்டியதுதான்.

அடுத்தது என்ன ஓடுகிறது என்பது. எல்இடி திரையில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்திருக்கிறது என்று பொருள், வெள்ளை என்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்து எரிகிறது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துப் போட்டால் அதிகபட்ச வாட்டுக்குப் பக்கத்தில் போய்விடும். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்துப் போட்டால் சிறு பகுதிதான், தூரத்திலிருந்து படிக்கவும் அதுதான் எளிது. விளம்பர டிசைன் செய்து தருகிறவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்கள் காகித நோட்டீஸ் மாதிரியே வெள்ளைத் தரையில் செய்து கொண்டுவருவார்கள். டிவிக்கு இந்த வித்தை அதிகம் எடுபடாது. அதில் பின்னால் இருக்கிற விளக்கு எப்படியும் எரிந்துகொண்டே இருக்கும், பிரைட்னஸைக் குறைத்தால்தான் மிச்சம்.

மூன்றாவது, திரையில் ஒன்றும் ஓடவில்லை என்பதால் கரண்ட் ஓடவில்லை என்று நினைக்க வேண்டாம். கறுப்புத் திரையாக நிற்கும்போதும் மாட்யூலில் இருக்கிற ஐசிக்களும் எஸ்எம்பிஎஸ்களும் கார்டும் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும், பெரிய திரையில் அது 100 வாட் வரைகூடப் போகும். கடை அடைத்த பிறகு 10 மணி நேரம் அப்படி நின்றால் ஒரு நாளைக்கு ஒரு யூனிட். மெயின் லைனிலேயே ஒரு டைமர் சுவிட்ச் போட்டு முழுசாகத் துண்டித்துவிடுங்கள். பெரிய திரையானால் டைமரோடு ஒரு கான்டாக்டரும் (பெரிய கரண்ட்டைத் தாங்கும் சுவிட்ச்) வேண்டும், அத்தனை எஸ்எம்பிஎஸ்ஸும் ஒரே நேரத்தில் உயிர் பெறும்போது முதல் நொடியில் பாயும் கரண்ட்டைச் சின்ன டைமர் தாங்காது.

கரண்ட் போகும்போது போர்டு எரிய வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். 50 வாட் போர்டு என்றால் இன்வெர்ட்டரில் போடுங்கள், பிரச்சினை இல்லை. 750 வாட் திரையைப் போட்டால் 150 ஏஎச் பேட்டரி ஒன்று இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது, பில் போடும் கம்ப்யூட்டரும் சேர்ந்து அணையும். ஜெனரேட்டரில் ஓட்டினால் ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று யூனிட் கிடைத்தாலே பெரிசு, அதாவது யூனிட் 30 ரூபாய்க்கு மேல். என்னைக் கேட்டால் கரண்ட் இல்லாத நேரத்தில் பெரிய திரையை விட்டுவிடலாம், பெயர்ப்பலகை மட்டும் எரிந்தால் போதும்.

ஐந்தாவது வேலை: ஒயரும் எஸ்எம்பிஎஸ்ஸும்

மாட்யூலுக்குப் போவது 5 வோல்ட். குறைந்த வோல்டேஜ் என்று ஏமாந்துவிடக் கூடாது, 5 வோல்ட்டில் 640 வாட் என்றால் 128 ஆம்பியர். மெல்லிய ஒயரை இழுத்துப் போட்டால் வழியிலேயே அரை வோல்ட் விழும், அதுவே பத்தில் ஒரு பங்கு. அந்தப் பங்கு வெளிச்சமாகாமல் ஒயர் சூடாவதில் போகும், கடைசி மாட்யூல் மங்கலாகவோ நிறம் மாறியோ தெரியும், இணைப்புகள் கருகும். ஒவ்வொரு எஸ்எம்பிஎஸ்ஸும் அது ஊட்டுகிற மாட்யூல்களுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், 5 வோல்ட் ஒயர் குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். மாட்யூலுக்கு 640 வாட் போய்ச் சேர வேண்டும் என்றால், 75 சதவீதத் திறன் உள்ளது லைனிலிருந்து 853 வாட் இழுக்கும், 87 சதவீதத் திறன் உள்ளது 735 வாட் இழுக்கும். வித்தியாசம் 118 வாட். தினம் 12 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 85 யூனிட், 850 ரூபாய். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கூடுதலாகக் கொடுத்தது சில பில்லிலேயே திரும்பிவிடும். அந்த 118 வாட் போவது எங்கே என்றால் பெட்டிக்குள் சூடாகத்தான். பெட்டி சூடானால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கிற கெப்பாசிட்டரின் ஆயுள் குறையும், பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதி என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆக மட்டமான எஸ்எம்பிஎஸ் கரண்டையும் தின்னும், தானும் சீக்கிரம் போகும். அதன் கொள்ளளவில் 60 முதல் 80 சதவீதம் வரை மட்டும் சுமை ஏற்றச் சொல்லுங்கள்.

கிராமத்து லைனில், ஆற்றில் தண்ணீர் இல்லாத நாட்களில் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும்போது வோல்டேஜ் நன்றாக இறங்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் எந்த வோல்டேஜிலிருந்து எந்த வோல்டேஜ் வரை வேலை செய்யும் என்று அச்சடித்திருக்கும். 200-லிருந்து 240 வரை மட்டும் என்று இருந்தால் ஒரத்தநாடு, திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமக் கடைக்கு அது வேண்டாம். 90-லிருந்து 264 வரை உள்ளதாகப் பாருங்கள்.

இரும்புச் சட்டத்துக்குக் கட்டாயம் எர்த் போடுங்கள், ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். மழையில் நனைந்த இரும்புச் சட்டம் வாடிக்கையாளர் கையெட்டும் உயரத்தில் இருக்கிறது, இதில் சமரசமே கூடாது. எஸ்எம்பிஎஸ் ஒவ்வொன்றும் இயல்பாகவே எர்த்துக்குச் சொற்பமாகக் கரண்ட்டைக் கசியவிடும். பத்திருபது எஸ்எம்பிஎஸ்ஸை ஒரே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியில் மாட்டினால் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். அப்போது எலக்ட்ரீஷியன் ஆர்சிசிபியைக் கழற்றிவிடலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், திரையை இரண்டாகப் பிரித்து இரண்டு ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள்.

ஆறாவது வேலை: டெல்டாவின் வெயில், உப்பு, பூச்சி, மழை

மேற்குப் பார்த்த கடையா? சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு மேல் போர்டுப் பெட்டிக்குள் அடுப்புதான். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் காற்றுப் போக இடம் விடுங்கள். ஃபேன் வைத்தால் காற்று உள்ளே போகிற வழிக்கு மெல்லிய வலை போடுங்கள், காரணம் அடுத்து வருகிறது.

வயல் பக்கத்து ஊர்களில் சம்பா பருவத்தில், ஐப்பசி, கார்த்திகை ராத்திரிகளில், சின்னச் சின்னப் பச்சைத் தத்துப்பூச்சிகள் விளக்கை மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை போர்டின் முகத்தில் ஒட்டும், ஃபேன் வழியாக உள்ளே போய் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் செத்து அடையாகப் படியும், ஈரம் பட்டால் அதுவே ஷார்ட் ஆக வழி. வெள்ளையும் நீலமும் பூச்சியை அதிகம் இழுக்கும், சிவப்பும் மஞ்சளும் குறைவாக இழுக்கும். அந்தச் சில வாரங்களுக்கு ராத்திரி வெளிச்சத்தை இன்னும் குறைத்து, சிவப்பு எழுத்தாக மாற்றிவிடுங்கள். கரண்டும் மிச்சம், கடைக்குள் வருகிற பூச்சியும் குறையும்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, வேதாரண்யம் மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக் காற்றுதான் முதல் எதிரி. முன்பக்கம் ஐபி65 (தூசியும் பீச்சியடிக்கும் தண்ணீரும் உள்ளே போகாது என்பதற்கான குறி) என்று சொல்லி விற்பார்கள், பின்பக்கம் என்ன என்று கேளுங்கள். மாட்யூலின் பின்னால் சர்க்யூட்டுக்குப் பூச்சு இருக்கிறதா, திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று பாருங்கள். இந்த ஊர்களில் உள்நாட்டைவிடப் பராமரிப்புக்கு அதிகமாகவே ஒதுக்கிவையுங்கள்.

மழைக்காலத்தில் போர்டை வாரக்கணக்கில் அணைத்துப் போடுவது நல்லதில்லை. ஈரம் உள்ளே தங்கி புள்ளிகள் செத்துப்போகும். வாரத்துக்கு ஓரிரு தடவையாவது குறைந்த வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் ஓட விட்டால், அந்தச் சூட்டிலேயே உள்ளே காய்ந்துவிடும். ஒரு தடவைக்கு ஆகும் கரண்ட் ஒரு யூனிட்கூட வராது.

புயல் எச்சரிக்கை வந்தால் கதை வேறு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது மின்கம்பங்களே சாய்ந்து கிடந்ததை நாம் பார்த்தவர்கள். எச்சரிக்கை வந்ததும் மெயினை அணைத்துவிட்டு, ஒயரை டிபியிலிருந்தே (லைன்கள் பிரியும் சுவிட்ச் பெட்டி) கழற்றிவிடுங்கள். கரண்ட் திரும்பி வரும்போது வோல்டேஜ் எப்படி வரும் என்று சொல்ல முடியாது, லைன் நிலைத்த பிறகு மாட்டினால் போதும். கடை இன்சூரன்ஸ் எடுத்தவர்கள் விளம்பரப் பலகைக்கான பிரிவு பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று ஐப்பசிக்கு முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர்களுக்கான பாலிசிகளில் அதைத் தனிப் பிரிவாகவே வைத்திருப்பார்கள், கேட்டுச் சேர்க்காவிட்டால் சேராது.

பெரிய திரைக்கு நகராட்சியிலோ மாநகராட்சியிலோ அனுமதி விஷயத்தையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள், அதிலும் மற்றவர் விளம்பரத்தைக் காசு வாங்கிக்கொண்டு ஓட்டப் போவதானால்.

ஏழாவது வேலை: மாட்டிய பிறகு அளந்து பார்ப்பது

விற்றவர் சொன்ன சராசரி வாட் நிஜமா என்று நீங்களே பார்க்கலாம். கடை அடைத்த பிறகு ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு போர்டை மட்டும் ஓட விடுங்கள். மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு சிமிட்டும், பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று எழுதியிருக்கும். 3,200 என்று இருந்தால் ஒரு யூனிட்டுக்கு 3,200 சிமிட்டல். பத்து நிமிடம் எண்ணுங்கள். 64 தடவை சிமிட்டினால் மணிக்கு 384, அதை 3,200-ஆல் வகுத்தால் 0.12 யூனிட், அதாவது 120 வாட். பகல் வெளிச்ச அளவில் ஒரு தடவை, இரவு வெளிச்ச அளவில் ஒரு தடவை எண்ணிப் பார்த்தால் உங்கள் நேர அட்டவணை நிஜமாகவே வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டி ஆம்பியரை 230-ஆல் பெருக்கிச் சொல்வார். மட்டமான எஸ்எம்பிஎஸ் உள்ள போர்டில் அந்தக் கணக்கு நிஜ வாட்டைவிட ரொம்ப அதிகமாகக் காட்டும், ஏனென்றால் பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கிற கரண்ட்டில் நிஜ வேலைக்குப் போகிற பங்கு, குறைவு. சாதாரணக் கடை பில் யூனிட்டுக்குத்தான் வருகிறது என்பதால் சிமிட்டலை நம்புங்கள், அல்லது பிளக்கில் மாட்டுகிற எனர்ஜி மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கொட்டேஷன்

கரண்டைத் தவிர்த்த செலவு என்னென்ன வரும் என்றால்: எஸ்எம்பிஎஸ் மாற்றுவது, இறந்துபோன மாட்யூலை மாற்றுவது, கார்டு போனால் புதுக் கார்டு, இணையத்தில் இணைந்த திரையானால் சிம் ரீசார்ஜ், உயரத்தில் இருந்தால் ஏணியோ சாரமோ கட்டி ஆள் ஏற்றும் கூலி. எல்இடி ஒரு லட்சம் மணி நேரம் உழைக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். தினம் 12 மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 4,380 மணி நேரம், அந்தக் கணக்குப்படி இருபது வருஷத்துக்கு மேல் வர வேண்டும். எல்இடி வேண்டுமானால் வரும், அதற்கு முன்னால் எஸ்எம்பிஎஸ்ஸும் இணைப்புகளும் ஈரத்திலும் சூட்டிலும் போய்விடும். ஆகவே வாரன்டி என்பது எதற்கு என்று பிரித்துக் கேளுங்கள். மாட்யூலுக்கு எத்தனை வருஷம், எஸ்எம்பிஎஸ்ஸுக்கு எத்தனை, கார்டுக்கு எத்தனை, ஆள் வந்து ஏறும் கூலி அதில் சேர்ந்ததா, திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வர வேண்டுமானால் வண்டிச் செலவு யாருடையது, எத்தனை நாளுக்குள் வருவார்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் திரையில் கறுப்புக் கட்டம் விழுந்தால் இந்தக் கடைசிக் கேள்வியின் அருமை தெரியும்.

கொட்டேஷனில் அதிகபட்ச வாட், சராசரி வாட், எஸ்எம்பிஎஸ்ஸின் திறன், பின்பக்க ஐபி எண், நேர அட்டவணை போட்டுத் தருவது, பாஸ்வேர்டு ஒப்படைப்பது இத்தனையும் எழுத்தில் இருக்கட்டும். அதோடு திரை வாங்கும்போதே நாலைந்து மாட்யூலும் இரண்டு எஸ்எம்பிஎஸ்ஸும் உபரியாக வாங்கி வையுங்கள். மாட்யூல் அதே தயாரிப்புத் தொகுதியில் வந்ததாக இருக்க வேண்டும், இரண்டு வருஷம் கழித்துத் தனியாக வாங்கினால் நிறம் ஒத்துவராமல் அந்தக் கட்டம் மட்டும் தனியாகத் தெரியும். உபரி மாட்யூல்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடிய டப்பாவில் போட்டு, எந்தத் தேதியில் வாங்கியது என்று மேலே எழுதி வையுங்கள்.